மூச்சுக்கு ஒன்றேகால் காசு

கரூரில் மேசைவிரிப்பும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எந்தத் தொகையைப் பார்த்தாலும் உருப்படிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் எவ்வளவு, கடைசியில் ஒரு விரிப்புக்கு என்ன விழுகிறது. அந்தக் கெட்ட பழக்கத்தில்தான் என் மருமகனின் மூச்சையும் ஒருநாள் வகுத்தேன்.

மருமகன் என்றால் அக்கா மகன். 14 வயது. டுஷேன் தசைச்சிதைவு. பத்தாம் வயதில் நடை நின்றது. தூங்கும்போது நிமிடத்துக்கு 18 மூச்சு விடுகிறான். இரவு 9:30க்குப் படுத்துக் காலை 6:30க்கு எழுந்தால் 540 நிமிடம். ஆக 9,720 மூச்சு. இதில் எத்தனை உருப்படியாக வந்து சேர்கின்றன, அதைத் தெரிந்துகொள்ள என்ன செலவு, சரிசெய்ய என்ன செலவு என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். விலையெல்லாம் எங்கள் வீட்டு பில்களில் உள்ளவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவருக்கு வருகிற நோய் இது. டிஸ்ட்ரோஃபின் என்கிற புரதம் உடம்பில் உருவாகாததால், தசை சுருங்கி விரியும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. முதலில் போவது கால் என்பதால் எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்களும் பார்த்தோம். மூச்சு இழுப்பதும் தசைதான் என்பது எங்கள் மண்டையில் உறைக்க, நடை நின்று நாலு வருடம் ஆயிற்று.

தூக்கத்தில் கனவு வருகிற கட்டம் ஒன்று உண்டு. மொத்தத் தூக்கத்தில் 20 முதல் 25 சதவீதம். கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று, அந்த நேரத்தில் உடம்பு ஏறக்குறைய எல்லாத் தசைகளுக்கும் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறது. கண்ணை அசைக்கும் தசைகள் தப்பும், உதரவிதானம் தப்பும். விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் கைவிட்ட பிறகு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஒரே தசை மூச்சு முழுவதையும் தனியாக இழுக்கும். நமக்கு அது போதும். உதரவிதானமே நலிந்துபோன பையனுக்கு, எட்டு ஆள் பார்க்கிற ஷிப்டைக் காய்ச்சலில் கிடக்கிற ஒரே ஆளிடம் ஒப்படைத்த கதை. இந்தக் கனவுக் கட்டம் முன்னிரவில் குறைவு, விடியலை நெருங்க நெருங்க நீளும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒரு கணக்குக்கு வேண்டும்.

இந்த நோயில் தூக்க மூச்சுக் கோளாறு இரண்டு தவணையாக வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2005இல் வந்த ஓர் ஆய்வில், தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற வகை காணப்பட்ட பையன்களின் இடைநிலை வயது 8. மூச்சு நிற்காமலே ஆழம் குறைந்து, கார்பன் டை ஆக்சைடு உள்ளே தங்கிப்போகிற வகையில் 13. முதல் தவணைக்கு, இந்த நோய்க்குக் கொடுக்கிற ஸ்டீராய்டும் கொஞ்சம் காரணம். டெஃப்ளாசகார்ட் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் தினமும்; 30 கிலோ பையனுக்கு 27 மில்லிகிராம். அது நடையை ஓரிரு வருடம் நீட்டித்துத் தரும், கூடவே உடம்பையும் ஊதவைக்கும், கழுத்திலும் சதை போடும். அதற்காக மருந்தை நிறுத்து என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

அக்காவிடம் 192 பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பால், கேஸ், மாத்திரை, சீட்டுப் பணம் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு நாளின் மூலையிலும் வட்டம் போட்டு ஒரு எண் எழுதியிருப்பாள். லாரியில் போகிற வீட்டுக்காரர் காலையில் போன் செய்து, “ராத்திரி எத்தன தடவ எந்திரிச்ச?” என்று கேட்பார், பதில் சொல்வதற்காக எழுதி வைத்தது. பையனால் தானாகப் புரள முடியாது. உடம்பு வலித்தால் கூப்பிடுவான், இவள் எழுந்து புரட்டிவிடுவாள். ஜனவரியில் அந்த வட்டத்துக்குள் 2. மார்ச்சில் 3. ஜூனில் 6, ஒருநாள் 8.

“வளர்றான்ல தம்பி, கனம் கூடுது, அதான் ஒரே பக்கமா படுக்க முடியல” என்றாள். நானும் ஆமாம் போட்டேன். மூச்சு குறையும்போது மூளை பதறிப்போய்த் தூக்கத்தைக் கலைத்துவிடும், விழித்துக்கொண்ட பையனுக்குத் தெரிவது உடம்பு அசௌகரியம் மட்டும்தான், ஆகவே புரட்டிவிடச் சொல்கிறான் என்று யார் கண்டார்கள். இந்த நோய்க்காரப் பிள்ளைகள் இரவில் அடிக்கடி புரட்டச் சொல்வது மூச்சுக் குறைவின் அடையாளங்களில் ஒன்று என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். காலையில் தலைவலி, எழுந்தவுடன் இட்லியைப் பார்த்தால் குமட்டல், பத்து மணி வகுப்பில் தூக்கம், கணக்கில் 82ஆக இருந்த மதிப்பெண் 57. இத்தனையும் அதே நோட்டிலும் பள்ளிக்கூட அட்டையிலும் தேதியோடு இருந்தன. கணக்கு எழுதுகிறவன் வீட்டிலேயே அதைக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

குறட்டை விடுகிறானா என்று நரம்பியல் பிரிவில் ஒருமுறை கேட்டார்கள். இல்லை என்று அக்கா சொன்னாள். பொய்யில்லை. அவன் தூங்கிய பிறகு பாத்திரம் கழுவி, அடுப்பு துடைத்து, 10 மணியிலிருந்து 10:30 வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். 540 நிமிடத்தில் 30 நிமிடம், ஐந்தரை சதவீதம். அதுவும் கனவுக் கட்டம் எட்டிப் பார்க்காத நேரம். வருடம் முழுவதும் ஏப்ரல் மாத வவுச்சரையே திருப்பித் திருப்பித் தணிக்கை செய்தால் எந்தத் திருட்டும் அகப்படாது. பெற்றவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை வைத்து 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெற்றோரில் 69 சதவீதம் பேர் எங்கள் பிள்ளைக்குத் தூக்கத்தில் ஒரு தொந்தரவும் இல்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளில் 54 சதவீதம் பேருக்குப் பரிசோதனை முடிவு கோளாறாக வந்தது. அதனால்தான் டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குக் குறட்டை இருக்கிறதோ இல்லையோ, 3 வயதுக்கும் 4 வயதுக்கும் நடுவில் ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது.

இப்போது எங்கள் பழைய ஃபைல். ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நாலு வருடத்தில் 11 முறை போயிருக்கிறோம். இதயத்துக்கு எக்கோ 4. எலும்புக்கு எக்ஸ்ரே 3. ரத்தப் பரிசோதனை 9. குழாயில் ஊதி நுரையீரல் கொள்ளளவு பார்க்கிற ஸ்பைரோமெட்ரி 0. அதன் கட்டணம் 600 ரூபாய். டுஷேன் பையன்களைப் பார்த்துக்கொள்வதற்கான 2018ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதல், 5, 6 வயதிலிருந்தே வருடம் ஒருமுறை ஊதவைக்கச் சொல்கிறது. நடை நின்றதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தக் கணக்கில் எங்களுக்கு 8 முறை பாக்கி. 8 × 600 = 4,800 ரூபாய். யாரும் கேட்டு நாங்கள் கொடுக்காத பணம் இல்லை அது, யாரும் கேட்கவே இல்லை.

ஜூலையில் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது. பக்கத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதற்கும் பெயர் வேண்டாம். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 91 காட்டியது. மூக்கில் குழாய் வைத்து நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் விட்டார்கள். பத்தே நிமிடத்தில் 99. அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். பையன் தூங்கினான். மதியம் வரை தூங்கினான். எழுப்பினால் வாய் குழறியது, என்னைப் பார்த்து “அப்பா” என்றான். காய்ச்சல் மருந்தின் அசதி என்றார்கள். மானிட்டரில் அப்போதும் 99தான்.

மாலை ரவுண்டுக்கு வந்த வயதான டாக்டர் ஒருவர் மானிட்டரைப் பார்க்கவே இல்லை. போர்வையை விலக்கி அவன் வயிற்றையும் நெஞ்சையும் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு உள்ளே போகும்போது வயிறு உப்ப வேண்டும், அது உள்வாங்கியது. ரத்தவாயுப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், 900 ரூபாய். கார்பன் டை ஆக்சைடு 68. இருக்க வேண்டியது 35 முதல் 45. ஆக்சிமீட்டருக்கு வரவு மட்டும்தான் தெரியும். வெளியே போக வேண்டியது போய்ச் சேர்ந்ததா என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது. மூச்சை ஆழமாக்காமல் ஆக்சிஜனை மட்டும் ஊற்றினால், குறைந்த மூச்சோடு உடம்பு திருப்தியாகிவிடும், உள்ளே கழிவு ஏறிக்கொண்டே போகும். தசை நலிந்த பிள்ளைகளுக்கு வெறும் ஆக்சிஜன் விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். டாக்டர் 4ஐ 1 ஆக்கிவிட்டு, அன்றிரவே மாஸ்க் வழியாக மூச்சைத் தள்ளித் தருகிற மெஷின் இருக்கிற இடத்துக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்.

கோயம்புத்தூரில் காய்ச்சல் தணிந்த பிறகு முதன்முறையாக ஊதினான். அவன் உயரத்துக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியதில் 46 சதவீதம். 50க்குக் கீழே போனாலே இரவு மூச்சுக் கருவியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அதே 2018 வழிகாட்டுதல். இன்னொரு எண்ணையும் டாக்டர் வட்டம் போட்டுக் காட்டினார்: பைகார்பனேட் 30. இருக்க வேண்டியது 22 முதல் 26 வரை. 250 ரூபாய் ரத்தப் பரிசோதனை இது. எனக்கு இதைப் புரியவைக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. இரவில் வெளியேறாமல் தங்குகிற கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. அதைச் சமன்செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டைத் தேக்கி வைக்கிறது. பகலில் மூச்சு சரியான பிறகும் இந்தத் தேக்கம் உடனே வடிவதில்லை. அதாவது, இரவுப் பாக்கி பகல் ஏட்டில் முன்கொணர்ந்த இருப்பாக நிற்கிறது. பழைய ஃபைலைப் புரட்டினேன். ஒன்பது ரத்தப் பரிசோதனையில் இரண்டில் பைகார்பனேட் இருந்தது. முந்தின வருடம் 27, அந்த வருடம் பிப்ரவரியில் 29. தாளின் அடியில் அச்சாகியிருந்த அந்த எண்ணுக்குப் பக்கத்தில், ‘அதிகம்’ என்று காட்ட ஒரு சின்ன நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்கள். இது சரியாக இருந்துவிட்டால் ஆபத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஏறியிருந்தால் தேடிப் போக வேண்டும்.

தூக்கப் பரிசோதனைக்கு ஐந்து வாரம் கழித்துத் தேதி. 14,000 ரூபாய், கார்பன் டை ஆக்சைடு பதிவும் சேர்த்து. இந்தச் ‘சேர்த்து’ முக்கியம். அதற்கு முன் விசாரித்த ஓர் இடத்தில் 9,000 என்றார்கள், அதில் அந்தப் பதிவு கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லாத பரிசோதனை, செலவுப் பக்கம் கிழிந்துபோன பேரேடு மாதிரி.

அந்த இரவு நானும் போனேன். தலையில் ஒயர் ஒட்டுவதற்கு முன் பிசின் மாதிரி ஏதோ தேய்த்தார்கள். கண் ஓரத்தில் இரண்டு, தாடையில் மூன்று, நெஞ்சில், காலில், மூக்கில் ஒரு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை. நான் எண்ணியவரை 22 ஒயர். “ரோபோ பட நடிகர் மாதிரி இருக்கேன் மாமா” என்றான். டெக்னீஷியன் பையன் சின்ன வயசுக்காரன், ஒயரை எல்லாம் சடை மாதிரிப் பின்னித் தலைமாட்டில் கட்டினான். “அம்மா, புரட்டணும்னா என்னக் கூப்பிடுங்க, நீங்களா புரட்டினா ஒயர் வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா அன்றிரவு அவனை ஏழு முறை கூப்பிட்டாள்.

அறிக்கை நான்கு பக்கம். தூங்கியது 7 மணி 12 நிமிடம், அதாவது 432 நிமிடம். மூச்சு நின்றதும் குறைந்ததுமாக 53 நிகழ்வுகள், மணிக்கு 7.4. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது இந்த 7.4தான். பெரியவர்களுக்கு ஒரு நிகழ்வு என்று எண்ண 10 விநாடி வேண்டும், மணிக்கு 5 வரை விட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு தவறினாலே ஒரு நிகழ்வு, மணிக்கு 1க்கு மேல் போனாலே கோளாறு. 5 முதல் 10 வரை நடுத்தரம், 10க்கு மேல் கடுமை. ஆக, 7.4 நடுத்தரம். ஒரு நிகழ்வுக்கு இரண்டு மூச்சு என்றே வைத்தாலும் 106 மூச்சு. அந்த இரவின் 7,776இல் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. இதற்காகவா இத்தனை பாடு என்று எனக்கே தோன்றியது.

டாக்டர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். கார்பன் டை ஆக்சைடு 50க்கு மேல் நின்றது 164 நிமிடம், தூக்கத்தில் 38 சதவீதம். குழந்தைகளுக்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் மூச்சுக் குறைவு என்று பெயர். டுஷேன் பையன்களுக்கு 2 சதவீதம் தாண்டினாலே கருவி தொடங்கச் சொல்கிறார்கள். உச்சம் 63. ஆக்சிஜன் 88க்குக் கீழ் 31 நிமிடம், அடிமட்டம் 79. கனவுக் கட்டம் 84 நிமிடம். 53 நிகழ்வில் 38 அந்த 84 நிமிடத்துக்குள். தூங்கிய முதல் ஒரு மணி நேரத்தின் பின்பாதியில் எத்தனை என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்று என்றார். அக்கா உட்கார்ந்து பார்த்திருக்கும் அந்த அரைமணியில் ஒன்று.

மூச்சு நின்றவையை எண்ணினால் ஒன்றரை சதவீதம். நிற்காமலே குறைப்பிரசவமாக வந்தவையைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து லாபம் நட்டமாகும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

தலைப்பு எண்ணை மட்டும் பார்த்தால் பணமும் வீணாகும். மெஷின் வாங்கப் போன இடத்தில் அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்த விற்பனைக்காரர், “7.4க்கு சிபேப் போதும் சார், 38,000தான்” என்றார். சிபேப் என்பது ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதித் தொண்டை அடையாமல் பிடித்து வைக்கிற கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் உலகத்துக்குக் காட்டியது. தொண்டை அடைப்புக்கு அது அருமையான மருந்து. எங்கள் பையனுக்குத் தொண்டை திறந்திருந்தாலும் இழுக்க ஆள் இல்லையே. இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது ஓர் அழுத்தம், அவன் மறந்துவிட்டால் தானாகத் தள்ள ஒரு எண்ணிக்கை, இந்த மூன்றும் உள்ள பைபேப்தான் வேண்டும். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது உள்ளே 14, வெளியே 4, எண்ணிக்கை 16. விலை 78,000.

தொண்டைச் சதையை எடுத்துவிட்டால் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மற்றபடி நலமாக இருக்கிற 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த பரிசோதனை 2013இல் வெளிவந்தது. அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்க மூச்சு சரியாயிற்று. செய்யாமல் ஏழு மாதம் பொறுத்துப் பார்த்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியாயிற்று. நரம்பும் தசையும் நலிந்த பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. டுஷேன் பையனுக்கு மயக்க மருந்தே தனி ஆபத்து. சக்சினைல்கோலின் என்ற ஊசி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அந்த வார்த்தையை அக்கா தமிழில் எழுதி அவன் சக்கர நாற்காலியின் பின்பையில் வைத்திருக்கிறாள்.

சரி, பேரேட்டுக்கு வருவோம். ஒருமுறைச் செலவு: தூக்கப் பரிசோதனை 14,000, கோயம்புத்தூர் போய்வர நாற்காலி ஏறுகிற கார் 4,500, பைபேப் 78,000, மாஸ்க் 5,200, இன்வெர்ட்டரும் பேட்டரியும் 21,500, ஆம்பு பை 1,650, ஆக்சிமீட்டர் 1,400. கூட்டினால் 1,26,250 ரூபாய். 2025 செப்டம்பர் 22இல் வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகு வாங்கினோம். குறையாமல் இருந்திருந்தால் மெஷின் 83,200 ஆகியிருக்கும். மிச்சம் 5,200, சரியாக ஒரு மாஸ்க். இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் கைதட்டவில்லை.

வருடச் செலவு: மாஸ்க் இரண்டு 10,400, குழாய் 1,100, வடிகட்டி பன்னிரண்டு 1,080, பனிக்காலத்தில் ஈரப்பதத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் 1,000, டாக்டரிடம் இரண்டு நடை காரோடு 10,600. மின்சாரம் பயந்த அளவுக்கு இல்லை. 40 வாட், 9 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்றால் 108 ரூபாய், வருடத்துக்கு 648. மொத்தம் 24,828.

தமிழ்நாடு அரசு தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. 2023 ஜனவரிக்கு முன் 1,500ஆக இருந்தது. வருடம் 24,000. மூச்சுக் கணக்குக்கே 828 ரூபாய் துண்டு விழுகிறது, சோறும் மாத்திரையும் இதில் சேராது. நாற்காலி அரசிடமிருந்து வந்தது, நல்ல நாற்காலி. மெஷின் சீட்டு எடுத்து வாங்கியது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்குத்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவு இருக்கிறது, இந்த நான்கில் இல்லை.

மெஷினுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஐந்து வருட ஆயுள் போட்டேன். தேய்மானம் 15,600, 4,300. வருடச் செலவோடு சேர்த்தால் 44,728. 365ஆல் வகுத்தால் ஒரு இரவுக்கு 122 ரூபாய் 54 காசு. அதை 9,720ஆல் வகுத்தேன். மூச்சுக்கு 1.26 காசு. ஒன்றேகால் காசு என்று பையனிடம் சொன்னேன். “மலிவா இருக்கே மாமா, நம்ம கம்பெனில நூல்கூட இந்த ரேட்டுக்கு வராதே” என்றான்.

மெஷின் வந்த கையோடு நிம்மதி வந்துவிடவில்லை. முதல் வாரம் சராசரி 1 மணி 50 நிமிடம் போட்டான். மூக்குத்தண்டில் புண். காற்று கண்ணுக்குள் அடிக்கிறது என்றான். பிடுங்கிப் போடக் கையில் பலம் குறைவு என்பதால் “அம்மா, கழட்டு” என்று கத்தினான். பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி மாட்டிப் பழக்கியதில் மூன்றாம் வாரம் 4 மணி நேரம், இரண்டாம் மாத முடிவில் 8 மணி 10 நிமிடம். இந்த எண்களை மெஷினே நினைவில் வைத்துக்கொள்கிறது. அக்காவின் நோட்டை விட நேர்மையான கணக்கு, ஆனால் கண் எரிச்சலை அது எழுதுவதில்லை.

இருமலுக்கும் ஒரு அளவு இருக்கிறது. நிமிடத்துக்கு 270 லிட்டர் வேகத்தில் இரும முடியாவிட்டால் துணை வேண்டும். இவனுக்கு 210. சளியை உறிஞ்சி எடுக்கிற இருமல் மெஷின் 4 லட்சம் சொன்னார்கள். டாக்டர் சிரித்துவிட்டு, ஆம்புலன்ஸில் பிடித்து அழுத்துவார்களே, அந்த ஆம்பு பையைக் காட்டினார். வாயில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அழுத்து, காற்று வெளியேறாமல் பிடி, பிறகு இருமு. 280 வந்தது. 1,650 ரூபாய். வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. எங்கள் பேரேட்டில் காசுக்குத் தகுந்த சரக்கு என்றால் நான் முதலில் கை வைப்பது இந்தப் பையில்தான்.

எனக்குப் பெரிய எண்களோடு ஒரு கோபம் உண்டு. 2023இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு ஒரு மரபணு ஊசி வந்தது, ஒரு தவணை 32 லட்சம் டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 27 கோடியே 20 லட்சம். எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் அதற்கு நிதி திரட்டலாமா என்று வாரம் ஒருமுறை யாராவது கேட்பார்கள். நல்ல மனசுதான். 2025இல் நடை இழந்த சிறுவர்கள் இருவர் அந்த ஊசிக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். நடை இழந்தவர்களுக்கு அது நிறுத்தப்பட்டது. எங்கள் பையனுக்கு அது இல்லை. அந்தத் தொகைக்கு 3,480க்கும் மேல் பைபேப் வாங்கலாம். தமிழ்நாட்டில் வருடத்துக்குச் சுமார் 9 லட்சம் பிரசவம், அதில் பையன்கள் 4 லட்சத்து 60 ஆயிரம். 5,000க்கு ஒன்று என்றால் 92 பேர். 13 வயதிலிருந்து 19 வரை ஏழு வயதுக்காரர்களைக் கூட்டினால் 644. இது என் தோராயம், கையை வைத்து எழுதின கணக்கு. அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு மெஷின் வாங்க 5 கோடியே 2 லட்சம். அத்தனை பேரும் ஒருமுறை ஊத 3 லட்சத்து 86 ஆயிரத்து 400.

இதில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்துக் கணக்கு இரண்டு. லண்டனில் 23 பேரை மாஸ்க் மெஷினில் வைத்துப் பார்த்து 1998இல் எழுதினார்கள். ஒரு வருடம் கழித்து 85 சதவீதம் பேர், ஐந்து வருடம் கழித்து 73 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பகலிலும் கார்பன் டை ஆக்சைடு ஏறிய பிறகு மெஷின் இல்லாதவர்கள் பெரும்பாலும் ஒரு வருடம் தாண்டுவதில்லை. நியூகாசிலில் 197 பேரின் பதிவுகளைப் பார்த்து 2002இல் எழுதினார்கள். 1960களில் இறந்தவர்களின் சராசரி வயது 14.4. 1990க்குப் பிறகு வென்டிலேட்டர் கிடைத்தவர்களுக்கு 25.3. முதுகெலும்பு அறுவை, இதய மருந்து என்று வேறு காரணங்களும் சேர்ந்திருக்கும். 14.4 என்றால் 14 வருடம் 5 மாதம். நான் அதைப் படித்த அன்று அவனுக்கு 14 வருடம் 3 மாதம். போனை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய் மெஷினின் ஒயர் பிளக்கில் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்தேன். இன்றும் அவர்கள் வீட்டுக்குப் போனால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நோட்டின் மூலை வட்டத்தில் இப்போது 2 என்று இருக்கிறது, சில நாள் 1. முன்பு 6. நாளுக்கு நான்கு குறைந்தால் வருடத்துக்கு 1,460. ஒருமுறை எழுந்து, புரட்டி, தலையணை வைத்து, மறுபடி கண் அயரப் பத்து நிமிடம் என்றால் 243 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாக மாற்றினால் 30 நாள். இதைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பென்சிலில் ஓரமாக எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் மாஸ்க்கின் பட்டை இற்றுப்போயிற்று. கம்பெனிப் பட்டை 1,900 என்றார்கள். அக்கா வேலை செய்கிற தையல் யூனிட் பக்கத்துக் கடையில் வெல்க்ரோ ஒரு மீட்டர் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய அளவுக்கே தைத்து மாட்டினாள். பிடிமானம் பழசைவிட நன்றாகவே இருக்கிறது. நோட்டை என்னிடம் நீட்டினாள், வெல்க்ரோ 40 என்று எழுதினேன். தையல் கூலி எவ்வளவு போடட்டும் அக்கா என்றேன்.

“போடா டேய்” என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.